மல்லாட்டைக் கொல்லையில் ஒரு வேட்டைக்காரர்

மூன்றாவது ஷேர் ஆட்டோவும் கலைவேந்தனைப் பார்த்ததும் நிற்காமல் பறந்தது.

ஆட்டோக்காரர் மேல் குற்றமில்லை. மே மாத வெயிலில், கிருமாம்பாக்கம் பஸ் ஸ்டாப்பில், கணுக்கால் வரை கறுப்புக் கோட்டும் அகலத் தொப்பியும் இடுப்பில் வாளுமாக ஒருவன் கையாட்டினால் யார்தான் நிறுத்துவார்கள்? வாள் தெர்மாகோல் என்பது அவனுக்கு மட்டும்தானே தெரியும்.

வில்லியனூரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் கலைவேந்தன், ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு ஆள். பனி மூடிய பாழடைந்த கோட்டைகளில் அலைந்து ரத்தக் காட்டேரிகளை ஒழிக்கும் வேட்டைக்காரன். நாலு நண்பர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு வீரனாகப் பேசி ஆடும் ஆட்டம் அது. இன்று சோரியாங்குப்பத்தில், முதன்முறையாக வேஷத்தோடு.

"பதினோரு மணிக்கு நீ வரலைன்னா உன் வேட்டைக்காரன் செத்தான்" என்று, ஆட்டத்தை நடத்தும் தமிழ்க்குமரன் கறாராகச் சொல்லியிருந்தான். ஒன்றரை வருஷம் பாடுபட்டு வளர்த்த வீரன்.

வாளைக் கோட்டுக்குள் சொருகினான். முதுகு புடைத்தது. நிற்கப் பார்த்த நாலாவது ஆட்டோ புடைப்பைக் கண்டு கிளம்பிவிட்டது. தொப்பியைக் கழற்றினான். கன்னத்தில் சிவப்பு மையால் வரைந்த தழும்பு தெரிந்து, பக்கத்தில் நின்ற குழந்தை வீறிட்டது.

அப்போதுதான் மொபெட்டில் வந்த ஓர் அம்மாள் பிரேக் போட்டாள். பெயர் வேலம்மாள். அவள் முகத்தில் பயமே இல்லை. புடவைக் கடையில் நிற்பவள் மாதிரி அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னா தம்பி வேல உனுக்கு?"

"அரக்கனுங்கள வேட்டையாடுறதுதான் அக்கா. அதாவது, வெளையாட்டுல..."

"நல்லதாப் போச்சு. எங்க போவணும்?"

"சோரியாங்குப்பம்."

"நானே கொண்டுபோயி வுடுறேன். மொதல்ல நம்ம கொல்லையில ஒரு பத்து நிமிஷம் நில்லு."

"கொல்லையில இன்னாக்கா?"

"ஒண்ணு வருதுப்பா. வெதச்ச மல்லாட்டையெல்லாம் நோண்டித் துன்னுது. பாம்பையே முழுங்கும். கத்துச்சுன்னா ஊருக்கே கேக்கும்."

"அடிச்சுத் தொரத்தலாமே?"

"அய்யய்யோ, சாமியோடதுப்பா! அடிச்சா பாவம். அதுவா பயந்து ஓடணும்."

கலைவேந்தனுக்குப் புல்லரித்தது. ஆட்டத்தில் இப்படியொரு ஜந்து வந்ததே இல்லை. மணி பத்தேகால்தான். அது என்னவென்று பார்க்காமல் போக அவனால் முடியவில்லை.

வேலம்மாள் அவனை நிலக்கடலைக் கொல்லை நடுவில் நிறுத்தினாள். "தொப்பியப் போட்டுக்கோ. ரெண்டு கையயும் நீட்டு. திரும்பிப் பாக்காத. அப்பப்ப கோட்ட ஒரு ஒதறு ஒதறு."

பத்து நிமிஷம் முக்கால் மணியாயிற்று. கோட்டுக்குள் வேர்வை ஊற்றியது. பின்னால் பக்கத்துக் கரும்புத் தோட்டத்துக்குள் ஏதோ சரசரக்கும், உதறுவான், சரசரப்பு ஓடும். பெரிய உருப்படிதான். எத்தனை கால்? பல் இருக்குமா? திரும்பிப் பார்க்கப் போனால் வரப்பிலிருந்து வேலம்மாள் அதட்டினாள்.

போன் அடித்தது. தமிழ்க்குமரன்.

"மணி பதினொண்ணு அஞ்சு. உன் வேட்டைக்காரன் செத்துட்டான்டா."

"சாவட்டும்டா!" கலைவேந்தன் சந்தோஷத்தில் கோட்டை இன்னொரு உதறு உதறினான். "இங்க நெஜமாவே ஒண்ணு என்னப் பாத்துப் பயப்படுதுடா!"

அந்நேரம் வேலம்மாளின் புருஷன் சாமிநாதன் சைக்கிளில் வந்து இறங்கினார். கலைவேந்தனை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார்.

"மயிலு ஒண்ணத்தையும் காணோமே! வேலம்மா, நான் கட்டியாந்த வைக்கோல் பொம்மைய நட்டுட்டு இவர அனுப்பிச்சிடலாமா, இல்ல ரெண்டும் நிக்கட்டுமா?"