வெள்ளோட்டம் மேஸ்திரியின் இருபத்தொரு நாள் டூர்

என் கையெழுத்து கோழி கிளறிய மண் மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், எழுத்துப்பிழையும் நிறைய இருக்கும். பத்திரிகை ஆசிரியர் ஐயா பொறுத்துக்கொண்டு திருத்திக்கொள்ள வேண்டும். ஆனால் விஷயத்தில் பிழை கிடையாது. மரக்காணத்திலிருந்து கூனிமேடு வரைக்கும் தேடினாலும், எந்தக் காரியத்தையும் முதல் தடவையிலேயே நிஜமாகச் செய்யாத மனிதர் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் வெள்ளோட்டம் மேஸ்திரி.

உப்பளத்தில் முப்பது வருஷம் மேஸ்திரியாக இருந்தவர். எதையும் ஒருமுறை ஒத்திகை பார்க்காமல் செய்யமாட்டார். மகள் கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பே மேளக்காரர்களை வைத்து, மாப்பிள்ளை இல்லாத காரை ஊர்வலமாக விட்டு, எந்த முக்கில் திரும்பக் கஷ்டம் என்று பார்த்தார். பல் பிடுங்குவதற்கு முதல் நாளே டாக்டரிடம் போய் நாற்காலியில் பத்து நிமிஷம் வாயைத் திறந்து உட்கார்ந்துவிட்டு, "வலிக்கல. நாளைக்கு வரேன்" என்று எழுந்து வந்தார்.

நான் வாடகை வண்டி ஓட்டுகிறவன். எனக்குப் பேச வராது. அதனாலேயே மேஸ்திரிக்கு என்னைப் பிடிக்கும்.

ரெண்டு வருஷத்துக்கு முன் ஒருநாள் மேஸ்திரியின் சம்சாரம் தனம் அக்கா ஒரு ஆசையைச் சொன்னார். அவரும் உப்பளத்தில் உழைத்தவர்தான்.

"நம்ம ஊர்ல கடல்ல சூரியன் வந்தா வேலைக்கு லேட்டாயிடுச்சுனு அர்த்தம். குனிஞ்ச தலைய நிமித்தி ஒரு நாள் பாத்ததில்ல. கேரளாவுல அந்தப் பக்கத்துக் கடலுக்குப் போயி, வேலையில்லாத சூரியன உக்காந்து பாக்கணும்."

"அவ்ளோதானே, போலாம்" என்றார் மேஸ்திரி. அவ்வளவுதான். எட்டு மாசம் திட்டம் போட்டார்.

கூடவே கூனிமேட்டு பாயும் அவர் வீட்டு பாயம்மாவும் வருவதாக ஏற்பாடு. பாய் சவூதியில் ஓட்டல் சமையல்காரராக இருந்து திரும்பியவர். நாலு பேருக்கும் அறுபத்தைந்துக்கு மேல். ஆனால் யாரையும் கைபிடித்து இறக்கவேண்டியதில்லை. மேஸ்திரி தினமும் உப்பள வரப்பில் அஞ்சு கிலோமீட்டர் நடப்பார். பாயம்மா ஒரு கையால் கேஸ் சிலிண்டரை நகர்த்துவார்.

பாயின் மகன் வெளிநாட்டிலிருந்து போனில் ஒரு திட்டம் அனுப்பினான். ஏழு நாளில் பதினோரு ஊர். மேஸ்திரி கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"பாய், இது டூரா, ஓட்டப்பந்தயமா? ஒரு பாத்தியில இருந்து அடுத்த பாத்திக்குத் தண்ணிய அவசரமா மாத்துனா உப்பு வருமா? சேறுதான் வரும். ஒவ்வொரு ஊர்லயும் ரெண்டு நாள் நிக்கணும்யா. மொத்தம் இருபத்தொரு நாள்."

பிறகு வெள்ளோட்டங்கள் ஆரம்பித்தன. முதல் வெள்ளோட்டத்தில் வண்டி நகரவே இல்லை. அவர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, நாலு பேரும் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு மூணு மணி நேரம் உட்கார்ந்தோம். தெருவே வந்து எட்டிப் பார்த்தது.

"ஏம்பா, ஸ்டார்ட் ஆவலயா? தள்ளி வுடவா?"

"வேணாம். நாங்க போயிட்டுதான் இருக்கோம்" என்றார் மேஸ்திரி.

முடிவுகளை நோட்டில் எழுதினார். ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் பாயால் ஒன்றுக்குப் போகாமல் இருக்க முடியாது. பாயம்மாவுக்குப் பின்சீட்டு ஆகாது. ரெண்டு மணி நேரத்தில் மேஸ்திரியின் வலது கால் மரத்துப்போகும். ஆகவே ஒரு மணிக்கு ஒருமுறை வண்டி நிற்கும். ஒரு நாளைக்கு நாலு மணி நேரம்தான் ஓடும். உப்பளத்து வழக்கப்படி விடியும் முன்பே கிளம்பி, வெயில் ஏறுமுன் ஊர் போய்ச் சேரவேண்டும். ஆறு நாளுக்கு ஒரு நாள் வண்டியைத் தொடவே கூடாது.

ரெண்டாவது வெள்ளோட்டம் பெட்டிக்கு. கட்டி முடியாத ஒரு மாடி வீட்டில் அவரவர் பெட்டியை அவரவரே தூக்கிக்கொண்டு ரெண்டு மாடி ஏறவேண்டும். பாயின் சவூதிப் பெட்டி முதல் மாடியிலேயே சக்கரத்தை உதிர்த்தது.

"தூக்கிட்டு ஏற முடிஞ்சா அது பை. முடியலனா மூட்டை. மூட்டைக்கு என் வண்டில எடமில்ல" என்றார் மேஸ்திரி.

"வண்டி அவனுது" என்று பாய் என்னைக் காட்டினார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

மூணாவது, நாலாவது என்று போய்க்கொண்டே இருந்ததில் மழைக்காலமும் வந்துவிட்டது. ஏழாவது வெள்ளோட்டத்துக்கு நாள் குறித்தபோது தனம் அக்கா நோட்டைப் பிடுங்கிக்கொண்டார்.

"ஏங்க, இந்த முட்டி இந்த வருஷம் நடக்குது. அடுத்த வருஷத்துக்கு அது கேரன்டி எழுதிக் குடுக்கல."

மேஸ்திரி ஏழாவது வெள்ளோட்டத்தைக் கைவிட்டார். மழை விட்டதும், தை பிறந்து நாலாம் நாள் கிளம்பினோம்.

சும்மா சொல்லக்கூடாது, திட்டம் கடிகாரம் மாதிரி ஓடியது. திருவண்ணாமலையில் கிரிவலம் போனார்கள். ஏற்காட்டில் நாலு பேரும் என்னை முந்திக்கொண்டு மலை ஏறினார்கள். யாருக்கும் காய்ச்சல் இல்லை, கால்வலி இல்லை, சண்டைகூட நாளைக்கு ஒன்றுதான். எட்டாம் நாள் கேரளாவில் ஒரு கடற்கரை ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். எங்கள் பயணத்தில் அந்தப் பக்கத்துக் கடல் அந்த ஒரே ஊரில்தான். ஒன்பதாம் நாள் மட்டும் விதிவிலக்காகப் பத்து மணிக்குக் கிளம்பி மலைப்பக்கம் திரும்பவேண்டும். நோட்டில் தெளிவாக இருந்தது: 'எட்டாம் நாள் மாலை, துணி துவைத்தல். ஒன்பதாம் நாள் காலை ஐந்தேகால், கடல், சூரியன்.'

ஐந்தேகாலுக்குப் போய் நின்றோம். அக்கா புதுப் புடவை கட்டியிருந்தார். கடலைப் பார்த்து வரிசையாக ஐந்து பேர். ஆறு ஆனது. ஆறரை ஆனது. அலை தெரிந்தது, படகு தெரிந்தது, சூரியனை மட்டும் காணோம்.

"இன்னா மேஸ்திரி, உன் சூரியன் தூங்குதா?"

"கேரளாவுல கொஞ்சம் லேட்டா வரும் பாய். இரு."

ஏழரை மணிக்கு சைக்கிளில் டீ விற்பவர் ஒருவர் வந்தார். கொஞ்சம் தமிழ் தெரிந்தவர்.

"யாருக்காகக் காத்து நிக்கறீங்க?"

"சூரியனுக்கு" என்றார் மேஸ்திரி.

அவர் டீ ஊற்றிக்கொண்டே எங்கள் முதுகுப்பக்கம் கைகாட்டினார். ஐந்து பேரும் திரும்பினோம். தென்னந்தோப்புக்கு மேலே அது எப்போதோ வந்து எங்கள் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பிறந்ததிலிருந்து கடல் என்றால் கிழக்கு, சூரியன் என்றால் விடிகாலை. அப்படியே இருந்துவிட்டோம். வண்டி ஓட்டிப் பிழைக்கிற எனக்கும் உறைக்கவில்லையே என்று வெட்கமாகப் போய்விட்டது.

"இங்க சாயங்காலம்தான் கடல்ல இறங்கும். நேத்து ரொம்ப அழகு. பாக்கலையா?" என்றார் டீக்காரர்.

"நேத்து சாயங்காலம் துணி துவைச்சோம்" என்றார் பாயம்மா.

"பாய், நீயாவது சொல்லக்கூடாதா? அத்தினி வருஷம் வெளிநாட்டுல இருந்தியே!" மேஸ்திரி பாய்மேல் பாய்ந்தார்.

"நான் சமையல்கட்டுல வெங்காயத்த பாத்துட்டு இருந்தேன்யா. சூரியன் எந்தப் பக்கம் போச்சோ!"

தனம் அக்கா திட்டியிருந்தால் பரவாயில்லை. "சரி வாங்க, பத்து மணிக்கு வண்டி எடுக்கணுமில்ல" என்று செருப்பைத் தேடினார். மேஸ்திரியின் முகம் உப்பு பூத்த மாதிரி வெளுத்துவிட்டது. நோட்டைப் புரட்டினார். மூடினார். பிறகு பனியனுக்குள் செருகிக்கொண்டார்.

"போவல. இன்னிக்கு இங்கதான்."

"ரூம்?" என்றார் பாய்.

"தெரியாது."

அந்த வாயிலிருந்து அந்த வார்த்தையை நாங்கள் கேட்டதே இல்லை. மலை லாட்ஜுக்குப் போன் போட்டு ஒரு நாள் தள்ளினார். அங்கே வைத்திருந்த ஓய்வு நாளை இங்கே இழுத்துக்கொண்டார். ஆனால் இங்கே எங்கள் அறைகளுக்கு மத்தியானமே வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள். பைகளோடு தென்னை நிழலில் உட்கார்ந்தோம்.

சாயங்காலம் சூரியனுக்கு நேர்கீழே ஒரு மேகம் வந்து படுத்தது. மேஸ்திரி எழுந்து நின்றுவிட்டார். "யா அல்லா, அத்த கொஞ்சம் நவுத்து" என்றார் பாய். மேகம் நகரவில்லை. சூரியனே அதற்குள் புகுந்து கீழ்ப்பக்கமாக வெளியே வந்து, செக்கச்செவேல் என்று தண்ணீரைத் தொட்டது. அக்கா ரெண்டு காலையும் நீட்டி, கையை மடியில் போட்டுக்கொண்டு பார்த்தார். கடைசிக் கீற்றும் போனபிறகுதான் பேசினார்.

"நாம ஒண்ணுமே செய்யல. அதுவா போயிடுச்சு பாரேன்" என்று சிரித்தார். மேஸ்திரி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, காற்றில் மணல் பறக்கிறது என்றார். காற்றே இல்லை.

லாட்ஜில் பெண்களுக்கு மட்டும் ஓர் அறை கிடைத்தது. ஆண்களுக்கு சாமான் போடும் ஹால். அதில் ஒரே ஒரு கட்டில்.

"நீங்க ரெண்டு பேரும் படுத்துக்கங்க மேஸ்திரி. நான் வண்டிலயே சீட்ட சாச்சிக்கறேன், எனக்குப் பழக்கம்தான்" என்றேன்.

"டேய், இவ்ளோ நீளமா பேசுவியா நீ?" என்ற மேஸ்திரி, என் பையைத் தூக்கிக் கட்டிலில் வைத்தார். "நாளைக்கு மலை ஏத்தப்போறவன் நீ. நாங்க உக்காந்து வர்றவங்க. படு."

அவரும் பாயும் கீழே பாய் விரித்துக்கொண்டார்கள். இத்தனை வருஷம் வண்டி ஓட்டியதில் எத்தனையோ பேரை எங்கெங்கோ கொண்டுபோய் விட்டிருக்கிறேன். கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தவர் அவர் ஒருவர்தான். அன்றைக்கே நன்றி சொல்லியிருக்கவேண்டும். வாய் வரவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

கார்த்திகை 2, மழை பிடித்துக்கொண்டதால் வண்டி எடுக்காத நாள்.