கறிவேப்பிலைக்குத் தடை

தோட்டத்துப் போட்டோக்காரர் என்றொரு மனித இனம் உண்டு, வாசகரே. நல்ல மனிதர்தான். காமிராவைத் தொடும்வரை.

கரமனை அக்ரகாரத்துக் கல்யாணராமனை எடுத்துக்கொள்ளுங்கள். மைத்துனர் அபுதாபியிலிருந்து காமிரா கொண்டுவந்து கொடுத்த நாள் முதல், அவர் வீட்டுக் கொல்லையில் துணி உலர்த்தக் கூடாது, பளிச்சென்ற புடவையில் நடமாடக் கூடாது, குக்கர் விசிலடிக்கக் கூடாது, பூஜைக்குக்கூடச் செம்பருத்தி பறிக்கக் கூடாது. ஏனென்றால் அதில்தான் 'ஹம்மிங் பேர்ட்' தேன் குடிக்கிறது. அது நம்மூர்த் தேன்சிட்டு. ஹம்மிங் பேர்ட் அமெரிக்காவை விட்டு வந்ததே இல்லை. சொன்னால் கேட்கிற ஆளா?

அவர் மனைவி சிவகாமியம்மாள் அத்தனையும் பொறுத்தாள். கடைசியில் மனுஷர் கறிவேப்பிலையிலேயே கை வைத்தார். கன்றில் மேய்ந்த புழுக்களை அவள் உதறப் போனபோது குறுக்கே வந்து நின்றார்.

"தொடப்படாது. பட்டாம்பூச்சியாக்கும்."

"பின்னே ரசத்துக்கு நான் எங்கே போவேன்?"

"கூட்டைப் பொளந்துண்டு வரச்சே ஒரு போட்டோ. அது கிடைச்சாச்சுன்னா கன்னு மொத்தமும் உனக்கு. அதுவரைக்கும் ஒரு இலை கிள்ளப்படாது."

கறிவேப்பிலை இல்லாத ரசம் குடித்திருக்கிறீர்களா? சிவகாமியம்மாள் குடித்தாள். பக்கத்து வீட்டில் ஒரு கொத்து கேட்கப் போய்க் கேலியும் வாங்கி வந்தாள். ஆகவே அந்தப் போட்டோ அவரைவிட அவளுக்குத்தான் அவசியமாகிவிட்டது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஓடி ஓடிப் புழு கட்டிய கூட்டைப் பார்த்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடு வெடித்தது.

"ஏன்னா, சித்த வாங்கோ. வரது."

செம்பருத்தியடியில் குப்புறப் படுத்திருந்தவர் திரும்பாமலே கையாட்டி அடக்கினார். கிளிக். இன்னொரு கிளிக். தேன்சிட்டு பறந்தது, மூன்றாவது கிளிக் வெறும் பூவுக்கு. பிறகுதான் எழுந்து வந்தார். கசங்கிய சிறகோடு பட்டாம்பூச்சி கூட்டைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. காமிராவைக் கண்ணில் வைத்தார். பிலிம் தீர்ந்திருந்தது.

"போக விடாதே அதை" என்று சொல்லிவிட்டு, சட்டையை உள்வெளியாய் மாட்டிக்கொண்டு, பிலிம் வாங்கக் கிழக்கேகோட்டை பஸ்ஸுக்கு ஓடினார். பட்டாம்பூச்சியை எப்படிப் பிடித்து வைப்பது? பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சுருண்ட கறுப்புச் சிறகு கொஞ்சம் கொஞ்சமாய் விரிந்தது, வெள்ளைப் பொட்டுகள் ஒவ்வொன்றாய்த் தெரிந்தன, உள்ளே குழம்பு கரிந்தது, அவளுக்கு அது உறைக்கவே இல்லை. அப்படி ஒரு சந்தோஷம். பட்டாம்பூச்சி அவள் புறங்கையில் ஒரு முறை உட்கார்ந்துவிட்டுத்தான் பறந்தது.

அவர் திரும்பியபோது காலிக் கூடுதான் இருந்தது. அசருவாரா? அதையே படமெடுத்தார். பிரிண்ட் வந்ததும் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார்.

"இதிலேர்ந்தாக்கும் வந்தது. அந்தச் சிறகு விரியற அழகு இருக்கே..." காப்பியோடு வந்த மனைவியிடம் திரும்பினார். "நீ பாத்திருக்கணும்டி."

"போட்டோ கிடைச்சாச்சோல்லியோ?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சிவகாமியம்மாள் கொல்லைக்குப் போனாள். புதுப் புழு மேய்ந்துகொண்டிருந்த கொத்தை விட்டு, அடுத்த கொத்தை ஒடித்தாள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் பெண் கழுத்தில் தாலி ஏறியபோது நீங்கள் காமிராவில் எதை முடுக்கிக்கொண்டிருந்தீர்கள்? கெட்டிமேளம் காதில் விழுந்திருக்கும். அவள் முகத்தை ஆல்பத்தில்தானே பார்த்தீர்கள்? அதுவும் பாதி முகம்.