சோறு இறங்கினால் ‘டீப்லி’ கிடையாது

கொல்லிமலையில் யாருக்கு எவ்வளவு துக்கம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் ஒரே ஒருவரிடம்தான் இருந்தது. அவர் டாக்டரும் இல்லை, பூசாரியும் இல்லை. செம்மேடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர். பெயர் எனக்குத் தெரியாது. ஊரே ‘ஜெராக்ஸ் அண்ணன்’ என்றது. நானும் அதையே நகல் எடுத்துக்கொண்டேன்.

அப்போது நான் அங்கே ஒரு வங்கிக் கிளையில் இருந்தேன். எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்த ஆசாமி. மேலிடத்துக்குப் போகிற கடிதம் இங்கிலீஷில் இருந்தால்தான் யாராவது பிரித்துப் படிப்பார்கள் என்பது மலைமேல் அசைக்க முடியாத நம்பிக்கை. அதனால் மிளகுக்காரர், வாத்தியார், ஜீப் டிரைவர் எல்லோரும் அண்ணனிடம் வருவார்கள். அண்ணனின் இங்கிலீஷ் சுமார்தான். ஆனால் ‘சின்சியர்லி’, ‘டீப்லி’, ‘டெரிபிளி’ என்று ‘லி’யிலோ ‘ளி’யிலோ முடிகிற உணர்ச்சிச் சொற்களின் மேல் அவருக்குத் தீராத காதல். மெஷின் பழுதானால்கூட வாசலில் ‘ஜெராக்ஸ் டீப்லி ரிப்பேர்’ என்று அட்டை தொங்கும்.

“எதுக்குங்கண்ணா இத்தனை லி?” என்று ஒருமுறை கேட்டேன்.

“இங்கிலீசுல ‘ங்க’ இல்லீங்களே சார்! வெறும் சாரின்னு எழுதுனா மொட்டையா நிக்குதுங்க. சட்டை போடாம கல்யாண ஊட்டுக்குப் போன மாதிரி இருக்குதுங்க.”

ஆனால் கேட்டவருக்கெல்லாம் கேட்ட சொல் கிடைத்துவிடாது. முதலில் விசாரணை நடக்கும். “சோறு எறங்குச்சுங்களா? தூக்கம் வந்துச்சுங்களா?” சோறு இறங்கியிருந்தால் ‘சின்சியர்லி’யோடு சரி. இறங்கவில்லையென்றால் ‘டீப்லி’. தூக்கமும் போயிருந்தால் ‘டெரிபிளி’. அதற்கும் மேலே, தாங்கவே முடியவில்லை என்பதற்கு, ‘அன்பேரபிளி’ என்று ஒன்று உண்டு. அதை அவர் யாருக்கும் எடுத்துக் கொடுத்து நான் அதுவரை பார்த்ததில்லை.

ஒரு வாத்தியார் காய்ச்சல் லீவுக்கு ‘டெரிபிளி சிக்’ கேட்டு வந்தார்.

“ஏனுங்க வாத்தியாரே, காலைல பொரோட்டாக் கடைல உங்களைப் பாத்தனுங்களே?”

“அது... வாய்க் கசப்புக்குங்க.”

“எத்தனைங்க?”

“நாலு.”

‘ஐ ஆம் ஸ்லைட்லி சிக்’ என்று தட்டிக் கொடுத்துவிட்டார். வாத்தியார் அன்று பள்ளிக்கூடம் போனார்.

ஜீப் டிரைவர் ஒருவர் காதல் கடிதத்துக்கு ‘பேஷனேட்லி’ கேட்டார். “அந்தப் புள்ளைக்கு உம்பட பேரு தெரியுமா கண்ணு?” என்றார் அண்ணன்.

“இன்னும் இல்லீங்ணா.”

“அப்ப ‘ஹோப்ஃபுல்லி’தான் சாமி. பேரைச் சொல்லிட்டு வா, ஏத்தித் தாரேன்.”

இதையெல்லாம் நான் சும்மா விடுவேனா? ஒரு வாரப் பத்திரிகையில் நகைச்சுவைக் கட்டுரை எழுத ஆரம்பித்திருந்த சமயம். அலமாரி நிறைய இங்கிலீஷ் புத்தகம் படித்து, உணர்ச்சிச் சொல் எதைப் பார்த்தாலும் பேனாவால் அடிக்கிற அளவுக்கு முதிர்ந்திருந்தேன். அப்போது வங்கிக்கு ஒரு கடிதம் வந்தது. அரியூர் நாடு என்கிற மலைக் கிராமத்திலிருந்து வாரச் சந்தைக்கு அன்னாசி கொண்டுவரும் ஓர் அக்கா, செத்துப்போன தன் பசுவின் இன்சூரன்ஸுக்காக அண்ணனிடம் எழுதி வாங்கியது. ‘மை கவ் அன்பேரபிளி டைடு.’ என் பசு தாங்க முடியாதபடி செத்தது!

உரக்கப் படித்தேன். கிளையே சிரித்தது. அந்தச் சிரிப்பு போதாமல் கட்டுரையாகவும் எழுதினேன். பெயர் போடவில்லை, அரியூர் நாடு, அன்னாசி, பசு என்று மட்டும் போட்டேன். பெயர் போடாத என் நாகரிகத்தை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

கட்டுரை செல்போன் செல்போனாக மலையைச் சுற்றி வந்தது. சந்தையில், “ஏனுங் அன்பேரபிளி அக்கா, பழம் என்ன வெலை?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். மூன்றாவது வாரம் அந்த அக்கா சந்தைக்கு வரவில்லை. நாலாவது வாரமும் வரவில்லை.

ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். வாசலில் அட்டை தொங்கியது. ‘ஜெராக்ஸ் ரிப்பேர்.’ அவ்வளவுதான். அந்த மொட்டை அட்டையைப் பார்த்ததும் என் காது சுட்டது.

“அண்ணா, அந்த அக்காவுக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் வேணும். ‘அன்பேரபிளி சாரி’ன்னு போட்டுடுங்க.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சோறு எறங்குச்சுங்களா சார்?”

பொய் சொல்லியிருப்பேன். சட்டையில் சாம்பார்க் கறை இருந்தது. “எறங்குச்சுங்க.”

“தூக்கம்?”

“வந்துச்சுங்க.”

“அந்தக்கா மாடு செத்தப்ப மூணு நாளா பச்சைத் தண்ணி பல்லுல படாம கெடந்தாங்க. கன்னுக்குட்டில இருந்து வளத்த மாடு. இந்தக் கடைல அந்த வார்த்தையை அவங்க ஒருத்தருக்குத்தானுங்க குடுத்தேன். உங்களுக்கு இப்போதைக்கு ஒண்ணுமில்லீங்க.” கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, “நேர்ல வேணாப் போலாம். பத்தரைக்கு பஸ்ஸு. நானும் வாரேன்,” என்றார்.

அக்கா வாசலில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தார். “அதை எழுதுனவரு இவருதானுங்க” என்று அண்ணன் என்னை அறிமுகம் செய்தார். “தப்புப் பண்ணிட்டேங்க” என்றேன்.

“மாடு செத்ததுக்குச் சிரிச்சது நீங்கதானுங்களா?”

“ஆமாங்க.”

“உங்க ஊட்டுல மாடு இல்லீங்களா?”

“இல்லீங்க.”

“அதான்,” என்றார் அக்கா. எனக்கு ஏதோ ஒரு குறை இருப்பதைக் கண்டுபிடித்து, அதற்காக இரக்கப்பட்டதுபோல இருந்தது. “பஸ்ல வந்த அலுப்பு. உக்காருங்க சாமி, ஒரு வாய் சாப்புடுங்க.”

வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு ஆவி பறக்க வந்தது. எதிரே காலியான கட்டுத்தறி. அதில் கயிறு மட்டும் தொங்கியது. ஒரு துண்டை வாயில் போட்டேன். அது தொண்டையில் நின்றுகொண்டது. தண்ணீர் குடித்தேன். அப்படியும் நகரவில்லை. அண்ணன் வேறெங்கும் பார்க்காமல் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்ததும் அவர் கடையைத் திறந்து, ஒரே ஒரு சொல்லை அச்சடித்து, லேமினேஷன் போட்டு என் கையில் கொடுத்தார். ‘டீப்லி.’

“இது உங்களுக்கு நாயமா சேர வேண்டியதுங்க. அதுக்கு மேல கேக்காதீங்க.”

அடுத்த சந்தைக்கு அக்கா வந்தார். எவனோ பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். அண்ணன் சந்தைக்கு நடுவில் நின்று கத்தினார்: “டேய், அந்த வார்த்தை வேணும்னா மொதல்ல ஒரு மாட்டை வளத்துப் பாரு!” அத்தோடு அடங்கியது. அன்று மாலை கடை வாசலில் ‘ஜெராக்ஸ் ஜாய்ஃபுல்லி ரெடி’ என்று புது அட்டை.

இப்போது நான் சேலத்தில் இருக்கிறேன். அந்த லேமினேஷன் என் பர்ஸில் இருக்கிறது. யாரையாவது கிண்டல் செய்து எழுதி முடித்ததும் அதை ஒருமுறை எடுத்துப் பார்ப்பேன். பாதிக் கட்டுரைகள் அத்தோடு குப்பைக்குப் போய்விடும்.

இந்தக் கட்டுரையை மட்டும் முதலில் அண்ணனுக்கு அனுப்பி, அக்காவுக்கும் படித்துக் காட்டச் சொன்னேன். அக்கா, “போட்டுக்கச் சொல்லுங்க” என்றாராம். அண்ணன் தன் பங்குக்கு ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: “மதியம் சாப்டீங்களா சார்?”

மணி நாலு. அக்கா என்ன சொல்வாரோ என்ற நினைப்பில் மதியத் தட்டு மூடியபடியே இருந்தது. “சாப்பிட்டேங்கண்ணா” என்று பொய் எழுதினேன். இல்லாவிட்டால் அந்த மனுசருக்கு ராத்திரிச் சோறு இறங்காது.