முந்நூறு மில்லி உள்ளே, ஒரு லிட்டர் வெளியே

ஏழாவது துணியும் நனைந்துவிட்டது.

மாரிக்கண்ணன் ஒன்பது மாத மகள் ஸ்ரீமதியை நாற்காலியிலிருந்து தூக்கி, அடியில் தொட்டுப் பார்த்தான். சொதசொதவென்று இருந்தது. கட்டிப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. குழந்தை அவனைப் பார்த்துச் சிரித்தது.

"சினேகா, இதுவும் போச்சு."

"துணி உங்க பொறுப்புன்னு பேசித்தான வந்தோம்? என்னையக் கூப்பிடாதீக." கூடாரத்துக்குள்ளிருந்து மனைவியின் குரல் மட்டும் வந்தது.

பேசியது உண்மைதான். மாரிக்கண்ணன் விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன். தினமும் காலையில் வாசலில் நின்று தீப்பெட்டி, செல்போன், நைலான் சேலை எதுவும் உள்ளே போகாமல் தடுப்பது அவன் வேலை. நைலான் உரசினால் பொறி வரும், பருத்திதான் உசிருக்குப் பாதுகாப்பு என்று பன்னிரண்டு வருஷமாகச் சொல்லிச் சொல்லி, அந்த வாசலை அவன் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டான்.

கிளம்பும்போது சினேகா டயபர் பாக்கெட்டைப் பையில் வைத்ததும் பிடித்துவிட்டான்.

"இது என்ன துணி? நைலான் மாதிரி வழுவழுன்னு இருக்கு?"

"அவ நம்ம பிள்ளை. சரவெடி இல்ல."

"பருத்தி வேட்டியக் கிழிச்சு பதினாறு துணி வச்சிருக்கேன். நானே கட்டுதேன், நானே துவைக்கேன், நானே காயவைக்கேன். போதுமா?"

போதும் என்றாள். ஆனாலும் பாக்கெட்டை வெளியே எடுக்கவில்லை. கல்யாணமாகி மூன்று வருஷத்தில் இரண்டு முறை திட்டம் போட்டு, இரண்டு முறையும் அவசர ஆர்டர் வந்து நின்றுபோன பயணம் இது. தீபாவளி முடிந்து கம்பெனி மூடியிருக்கும் நாட்களை விட்டால் அடுத்த வருஷம்தான். ராஜபாளையம் தாண்டி மலையடிவாரத்து மாந்தோப்பில் கூடாரம் போட்டு இரண்டு நாள். "இதையும் பாதியில கெடுத்தீகன்னா, அதுக்கப்புறம் பக்கத்துல இருக்க சாத்தூருக்குக் கூப்பிட்டாலும் வர மாட்டேன்" என்று பஸ் ஏறும்போதே சொல்லியிருந்தாள்.

மாரிக்கண்ணன் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. அவன் ஊரில் துணியைக் கொடியில் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போய்த் திரும்பினால் மொடமொடவென்று காய்ந்திருக்கும். உலகமெங்கும் அப்படித்தான் என்று நம்பியிருந்தான். இங்கே நாலு நாள் மழை பெய்து நேற்று இரவுதான் விட்டிருந்தது. மலையிலிருந்து மேகம் இறங்கி, காலையில் கொடியில் போட்ட துணியை இன்னும் கொஞ்சம் நனைத்துவிட்டுப் போனது.

சரி, தீ மூட்டிக் காயவைக்கலாம் என்று இறங்கினான். தீ என்றதும் ஃபோர்மேன் புத்தி முழித்துக்கொண்டது. நாலு பக்கமும் வாளியில் மண் நிரப்பி வைத்தான். ஐம்பது அடி காலால் அளந்து கோடு கிழித்தான். அந்தக் கோட்டுக்கு இந்தப்பக்கம் கொடி கட்டினான்.

சினேகா வெளியே வந்து பார்த்தாள். "தீ அங்கன இருக்கு, துணி இங்கன இருக்கு. சூடு என்ன நடந்தா வரும்?"

"பாதுகாப்பு தூரம்னு ஒண்ணு இருக்குல்ல?"

சூடு வரவில்லை, புகை வந்தது. காயாத துணிகள் கருவாடு மாதிரி மணக்க ஆரம்பித்தன.

தரையெல்லாம் கட்டெறும்பு. அதனால் தோப்புக்காரர்கள் மரத்தடியில் போட்டிருந்த நாற்காலியின் தடித்த மெத்தையில்தான் குழந்தையை உட்கார வைத்து, பக்கத்தில் குந்திப் பிடித்துக்கொண்டிருந்தான். தோப்பைப் பார்த்துக்கொள்ளும் வீரலட்சுமி மணிக்கொரு தரம் வந்து, "பிள்ளையக் குடு தம்பி, குரங்கு காட்டிட்டு வாரேன்" என்று தூக்கிப்போவாள். குழந்தை குளிர்ந்த முகத்தோடு திரும்பும். நாற்காலியில் வைத்த கொஞ்ச நேரத்தில் துணி நனைந்துவிடும்.

பத்தாவது துணியில் அவனுக்கு எரிச்சல் போய் ஆச்சரியம் வந்தது. வெடிமருந்தைக் கிராம் கணக்கில் நிறுத்துப் பழகிய கை சும்மா இருக்குமா? கம்பெனிப் பழக்கத்தில் பையோடு கொண்டுவந்திருந்த கொக்கித் தராசை எடுத்தான். இன்னும் துவைக்காமல் கிடந்த ஆறு ஈரத்துணிகளை ஒரு பையில் போட்டு நிறுத்தான். அதே எண்ணிக்கையில் காய்ந்த துணியின் எடையைக் கழித்தான். மறுபடியும் நிறுத்தான்.

"சினேகா, காலைலருந்து பிள்ளை எம்புட்டுக் குடிச்சா?"

"பாலும் தண்ணியுமா முந்நூறு மில்லி இருக்கும்."

"வெளிய ஒரு லிட்டருக்கு மேல வந்திருக்கு."

"தராசு கெட்டிருக்கும்."

"தராசு சரியாத்தான் இருக்கு. மிச்சத்த எங்கருந்து எடுக்கா? அதான் எனக்கு விளங்கல."

குழந்தையின் வயிற்றில் காதை வைத்துக் கேட்டான். அது அவன் தலைமுடியைப் பிடித்து இழுத்தது.

மத்தியானத்துக்குள் பதினாறும் தீர்ந்தது. மாரிக்கண்ணன் யாரையும் பார்க்காமல் கையை நீட்டினான். சினேகா பாக்கெட்டைக் கொடுத்தாள். சிரிப்பை மட்டும் அவளால் மறைக்க முடியவில்லை. ஜட்டி மாதிரி மாட்டிவிடுகிற ரகம். மாட்டி, நாற்காலியில் உட்கார வைத்து, கடிகாரத்தைப் பார்த்தான்.

பத்து நிமிஷம். வெளிப்பக்கம் லேசான ஈரம், மேகமாக இருக்கும். உள்ளே விரல் விட்டான். காய்ந்த பஞ்சு.

ஒரு மணி நேரம். காய்ந்த பஞ்சு.

மூன்று மணி நேரம். வீரலட்சுமி இரண்டு முறை குரங்கு காட்டிவிட்டு வந்தாள். அப்போதும் காய்ந்த பஞ்சு.

மாரிக்கண்ணன் டயபரை இழுத்து இன்னொரு தரம் பார்த்தான். "பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா போன பிள்ளை, மூணு மணி நேரமா ஒரு சொட்டு போகல. அடைச்சிருச்சு. நான் அப்பவே சொன்னேன், நைலான் வேண்டாம்னு."

சினேகா முதலில் சிரித்தாள். பிறகு அவளே விரல் விட்டுப் பார்த்தாள். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

"ராஜபாளையத்துல பிள்ளைக டாக்டர் இருப்பாகல்ல?"

"கிளம்பு."

கால் மணி நேரத்தில் கூடாரம் சுருட்டப்பட்டது. புகை மணக்கும் பதினாறு ஈரத்துணிகளும் மூட்டையாயின. ஆட்டோ வந்து நின்றது. சினேகா மேகத்துக்குள் பாதி மறைந்திருந்த மலையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. பிள்ளைக்காகவா, மலைக்காகவா என்று கேட்கும் தைரியம் அவனுக்கு இல்லை.

"நாளைக்குத்தான கிளம்புதோம்னு சொன்னீக?" என்றபடி வீரலட்சுமி வந்தாள்.

மாரிக்கண்ணன் துணிக்கணக்கு, தராசுக்கணக்கு, டயபர், அடைப்பு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டே நாற்காலி மெத்தையை எடுத்து இரண்டாக மடித்து அமுக்கினாள். வாளி கவிழ்ந்தது மாதிரி தண்ணீர் கொட்டியது.

"நாலு நாள் மழை பூராம் இந்த மெத்தைக்குள்ளதான் தம்பி கெடக்கு. பிள்ளைய நாந்தான் மணிக்கொரு தரம் தூக்கிட்டுப்போயி மாமரத்தடியில ஒண்ணுக்கு விட்டுட்டு வந்தேன். அவ இன்னைக்கு ஒரு துணியும் நனைக்கலயே."