பெங்களூரில் மழை, கரோல் பாக்கில் குடை

பெங்களூரைப் பற்றி இந்த உலகத்தில் யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் தீர்த்துவைக்கக்கூடிய ஒரே மனிதர், டெல்லி கரோல் பாக்கில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருந்தார். எந்த மேம்பாலத்தில் நெரிசல், எந்த ஏரி நுரைத்துக்கொண்டு ரோட்டுக்கு வருகிறது, எந்தத் தெருவில் மரம் சாய்ந்திருக்கிறது, எந்தக் கம்பெனிப் பஸ் எங்கே மாட்டிக்கொண்டு நிற்கிறது, எல்லாம் அவருக்கு விரல் நுனியில். அவருக்குத் தெரியாத ஒரே விஷயம், பெங்களூர் பார்ப்பதற்கு எப்படி இருக்கும் என்பது. ஜென்மத்தில் அங்கே கால் வைத்ததில்லை.

கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் பெங்களூர் மாமா. வீட்டுக்காரப் பஞ்சாபி அம்மாள்கூட 'பேங்களூர்வாலே அங்கிள்' என்பாள். நான் மதுரையிலிருந்து வந்து, குர்கானில் ஒரு கம்பெனியில் சேர்ந்து, அவர் தலைக்கு மேலே மொட்டைமாடி அறைக்குக் குடிவந்த புதிது. தமிழ்க்காரர் என்ற பாசத்தில் பேச்சுக் கொடுத்தேன்.

"பெங்களூர்ல எந்த ஏரியா மாமா?"

"மாரத்தஹள்ளி."

"எத்தனை வருஷம் இருந்தீங்க?"

"நான் எங்கே இருந்தேன்? நான் வேலைக்கு வந்த நாள்லேர்ந்து இங்கேதான் இருக்கேன். ரிட்டயர் ஆனதும் இங்கேதான்."

"அப்ப மாரத்தஹள்ளி?"

"அது என் பொண்ணு விஜி இருக்கற இடம். ஐடி கம்பெனி. ஏம்ப்பா, துணி காயப் போட்டிருக்கியா? எடுத்துடு. நாலு மணிக்கு மழை."

அது மே மாதம். மாடியில் தண்ணீர்த் தொட்டியைத் தொட்டால் கை பொசுங்கும். ஆனால் அவர் கையில் குடை. பெரியவர், எத்தனை வருஷம் இந்த ஊரில் இருக்கிறார், தெரியாமலா சொல்வார் என்று காய்ந்தும் காயாத துணியையெல்லாம் அள்ளி அறைக்குள் போட்டேன். நாலு மணி ஆனது, ஐந்து ஆனது, வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. சாயங்காலம் கீழே இறங்கிப் போய்க் கேட்டேன்.

"என்ன மாமா, மழை வரல?"

"வரலையா? கொட்டித் தீத்துடுத்தேப்பா! பெல்லந்தூர்ல முட்டளவு தண்ணி. விஜி ஆபீஸ்லேர்ந்து எப்படித் திரும்பப் போறாளோ."

நான் அறைக்குத் திரும்பிப் போய், புழுங்கல் நாற்றம் அடிக்கும் சட்டைகளோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பைத்தியம் அவருக்கா எனக்கா என்று அப்போது தெரியவில்லை.

போகப் போகத்தான் அவருடைய நித்திய கர்மானுஷ்டானம் புரிந்தது. காலையில் எழுந்ததும் காபி, காபியோடு பெங்களூர்ச் செய்திகள். பத்திரிகைகளின் பெங்களூர்ப் பதிப்பெல்லாம் போனில் படிப்பார். அது போதாதென்று விஜி குடியிருக்கும் அபார்ட்மெண்ட்காரர்களின் போன் குரூப்பிலும் எப்படியோ உள்ளே நுழைந்துவிட்டார். விஜிக்கே அதில் இடம் கிடையாது, அவள் இன்னொரு பெண்ணோடு ஒரே அறையைப் பங்குபோட்டுக்கொண்டிருக்கும் வாடகைவாசி. ஆனால் மாமா அங்கே காலைவேளை வாட்ச்மேனை மாற்றக்கூடாது என்று ஓட்டுப் போட்டார். பார்க்கிங் தகராறில் பஞ்சாயத்து செய்தார். செகரெட்டரியாக நிற்கும்படி அவரை நாலைந்து பேர் வற்புறுத்தியதாகவும், 'எனக்கு இப்ப டயம் இல்லை' என்று பெருந்தன்மையாக மறுத்ததாகவும் என்னிடம் சொன்னார்.

ஒருமுறை பெங்களூரில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தது. மாமா கால் வாளியில் குளிக்க ஆரம்பித்தார். அத்தோடு விட்டாரா என்றால் இல்லை. வீட்டுக்கார அம்மாள் குழாயை வைத்து வாசலைக் கழுவிக்கொண்டிருந்தாள். மாமா மாடியிலிருந்து ஒரே சத்தம்.

"பெஹன்ஜி! பானி பந்த் கரோ! பானி நஹி ஹை!"

தண்ணீர் இல்லையாம் என்ற செய்தி தெருவில் பரவியது. டெல்லிக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் விளக்கம் தேவையில்லை, வார்த்தை காதில் விழுந்தால் போதும். சட்டி, பானை, பிரஷர் குக்கர் எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பிடித்ததால் மத்தியானத்துக்குள் தெருவில் நிஜமாகவே தண்ணீர் நின்றுபோனது. சாயங்காலம் எல்லோரும் மாமாவைத் தேடி வந்து, முன்கூட்டியே சொன்னதற்கு நன்றி சொன்னார்கள். அவர் அதையும் வாங்கிக்கொண்டார்.

அங்கே மெட்ரோ கோளாறு என்று படித்தால், இங்கே கோயிலுக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகக் கிளம்பிப் போய், குருக்கள் வருவதற்கு முன் பூட்டிய கதவின் முன்னால் நிற்பார். அங்கே ஆட்டோ ஸ்ட்ரைக் என்றால் இங்கே பல் டாக்டரிடம் போகமாட்டார். பல் டாக்டர் இருந்ததோ எதிர்ச்சாரியில். டெல்லிச் சமாசாரம் மட்டும் அவருக்கு ஒன்றுமே தெரியாது. ஒரு நவம்பரில் புகைமூட்டம் மண்டி, பள்ளிக்கூடங்களை மூடி, ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு திரிந்தது. மாமா பால்கனியில் வந்து நின்று வெளியே உற்றுப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, எதிர் வீட்டை எப்போ இடிச்சா?"

இப்படியே போய்க்கொண்டிருந்தால் நானும் சிரித்துக்கொண்டே காலத்தை ஓட்டியிருப்பேன். ஆனால் அடுத்த மே மாதம் ஒரு மத்தியானம், கொளுத்துகிற வெயிலில், முழுக்கை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு காய்கறி வாங்கப் போனவர் மார்க்கெட் நடுவில் மயங்கி விழுந்துவிட்டார். கரும்புச்சாறு விற்பவர் முகத்தில் தண்ணீர் தெளித்து, ரிக்‌ஷாவில் ஏற்றி, வீட்டுக்குக் கூட்டிவந்தார். வீட்டுக்கார அம்மாள் பதறிப்போய் விஜிக்குப் போன் போட்டாள். மே மாதத்தில் ஸ்வெட்டர் யார் போடுவார்கள் பேட்டா, அங்கிளுக்கு மூளையில் ஏதோ ஆகிவிட்டது என்று இந்தியில் அழுதாள்.

மறுநாளே விஜி விமானம் பிடித்து வந்து இறங்கினாள். முப்பது வயதிருக்கும். அப்பாவின் அதே மூக்கு, அதே அவசரம். மாமா குளிக்கப் போன சமயம் பார்த்து என்னிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"அம்மா போனதுலேர்ந்து தனியாவே இருக்கார். நான் இருக்கற ரூம்ல அவரைக் கூட்டிண்டு போய் வெச்சுக்க முடியாது. கோயம்புத்தூர் பக்கத்துல சீனியர் சிட்டிசன்ஸுக்குன்னு ஒரு இடம் பார்த்து வெச்சிருக்கேன். டாக்டர்கிட்ட காட்டறேன். மறதி வியாதின்னு சொல்லிட்டார்னா, இந்த வாரமே அங்கே கொண்டுபோய் விட்டுடுவேன். நீங்களும் கூட வாங்க. நீங்கதானே தினம் பார்க்கறேள்?"

குளியலறைக் கதவு அத்தனை கெட்டி இல்லை. மாமா வெளியே வந்தபோது தலையைத் துவட்டவில்லை. என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

"எனக்கு இந்த ஊரை விட்டா வேற ஊர் தெரியாதுப்பா."

பெங்களூர் மாமா வாயிலிருந்து இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

டாக்டர் டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். தமிழ் பேசுவதில் ஆர்வம் அதிகம், சரக்கு கம்மி. மாமாவை எதிரில் உட்காரவைத்துப் பரீட்சையை ஆரம்பித்தார். நானும் விஜியும் பக்கத்தில் பெஞ்சில்.

"அங்கிள், நான் மூணு வேர்ட் சொல்றேன். ஆப்பிள், மேசை, சாவி. அப்புறமா கேப்பேன், சரியா? இப்ப நாம எந்த சிட்டியில இருக்கோம்?"

"டெல்லி."

"வெரி குட். இன்னிக்கு வெதர் எப்டி?"

"காலைல தூறல். இப்போ கொஞ்சம் வெளிச்சம் வந்திருக்கும். நாலு மணிக்கு மேல இடியோட நல்ல மழை."

டாக்டர் ஜன்னலைப் பார்த்தார். வெளியே தார் ரோடு உருகிக்கொண்டிருந்தது. ஏதோ எழுதிக்கொண்டார்.

"வீட்டுலேர்ந்து இங்க வர ரோடு எப்டி இருந்துச்சு?"

"இங்கே வர்ற ரோடு காலியாத்தான் இருந்தது. பெங்களூர்ல ஹெப்பால் மேம்பாலத்துலதான் லாரி குறுக்கே நின்னுடுத்து. அந்தப் பக்கம் போறவா சுத்திண்டுதான் போகணும்."

டாக்டர் இன்னும் நிறைய எழுதினார். விஜி என் பக்கம் திரும்பவே இல்லை. மடியில் போனை வைத்து எதையோ தேடிக்கொண்டிருந்தாள். தேடத் தேட அவள் முகம் ஒரு மாதிரியாகிக்கொண்டே வந்தது.

"அங்கிள், இப்ப அந்த மூணு வேர்ட் சொல்லுங்க. ஆப்பிள், மேசை..." டாக்டர் தாளைப் புரட்டினார். "மூணாவது என்ன சொன்னேன் நான்?"

"சாவி" என்றார் மாமா.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"மெமரி என்னைவிட பெட்டரா இருக்கு அங்கிள். ஆனா எனக்கு ஒண்ணும் புரியல. வெளிய இவ்ளோ வெயில். உங்களுக்குத் தெரியலயா?"

"ஏன் தெரியாது? வேர்த்துக் கொட்டறதே! அதைத் தெரிஞ்சுக்க நான் எதுக்குப் படிக்கணும்? வெதர் எப்படின்னு கேட்டேள். எனக்கு எது முக்கியமோ அதைச் சொன்னேன்."

"அப்ப ஸ்வெட்டர்?"

மாமா விஜியைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அன்னிக்குக் காலைல அங்கே குளிர்னு போட்டிருந்தான். இவ தலையை நனைச்சுண்டு, ஒண்ணும் போட்டுக்காம ஓடுவா. அதையே நெனச்சுண்டு இருந்தேனா, கிளம்பறச்சே கை தானா எடுத்து மாட்டிண்டுடுத்து. வெளியில வந்தப்புறம் கழட்டியிருக்கணும். தப்புதான்."

"எதுக்குப்பா இதெல்லாம்?" என்று விஜி வெடித்தாள். "நான்தான் தினமும் போன் பண்றேனே!"

"பண்றே. என்ன சொல்றே? 'நல்லா இருக்கேன்பா, சாப்டேன்பா, வெச்சுடறேன்பா.' அதுலேர்ந்து நான் என்னத்தைத் தெரிஞ்சுக்கறது? பேப்பரைப் பார்த்தாத்தான் உன் தெருவுல தண்ணி நிக்கறது தெரியறது. ரோட்ல நெரிசல்னு போட்டா, சரி, இன்னிக்கு என் பொண்ணு பட்டினியா வருவான்னு தெரியறது. நீ சொல்லமாட்டேங்கறே. ஊர்தான் சொல்றது."

விஜி போனை என்னிடம் நீட்டினாள். மாரத்தஹள்ளியில் காலையில் தூறல், நாலு மணிக்கு இடியுடன் மழை என்று இருந்தது. டாக்டர் என்னைப் பார்த்தார், நான் டாக்டரைப் பார்த்தேன்.

"நான் என்ன எழுதறது?" என்றார் டாக்டர் பரிதாபமாக.

"வெயில்ல போறச்சே தண்ணி நெறைய குடிக்கணும்னு எழுதுங்கோ" என்றார் மாமா. அவரும் அதையே எழுதிக் கொடுத்துவிட்டார்.

திரும்பும்போது மூன்று பேரும் ஒரே ஆட்டோவில். பாதி வழியில் விஜி திடீரென்று பேச ஆரம்பித்தாள்.

"எங்க மானேஜர் ரொம்பப் படுத்தறான்பா."

"அப்படியா?" மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பாத்ரூம் ஒழுகறது. ஓனர் கண்டுக்கவே மாட்டேங்கறார். கூட இருக்கறவ என் பாலைக் குடிச்சுட்டு இல்லேங்கறா. போன மாசம் எனக்கு ஜுரம். யார்கிட்டயும் சொல்லாம படுத்திருந்தேன்."

"ஜுரமா! பலே! எத்தனை நாள்? டாக்டர்ட்ட போனியா? என்ன மாத்திரை குடுத்தான்?"

அவள் விசும்பிக்கொண்டே ஒவ்வொரு கஷ்டமாகச் சொல்லச் சொல்ல, மாமாவின் முகம் மலர்ந்துகொண்டே போனது. இப்படி மகள் அழ அழ அப்பா சந்தோஷப்படுவதை ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசியில் பொறுக்கமாட்டாமல் என்னிடம் "பாய்சாப், சப் டீக் ஹை?" என்று கேட்டார். எல்லாம் சரிதான் பையா, நீங்கள் ரோட்டைப் பாருங்கள் என்றேன். அன்று ராத்திரியே விஜி கோயம்புத்தூருக்குப் போன் போட்டு அந்த இடம் வேண்டாமென்று சொல்லிவிட்டாள்.

அதற்கப்புறம் விஜி தினமும் சாயங்காலம் போனில் புலம்பினாள். மாமா 'எப்பப் பாரு அழுகை' என்று அலுத்துக்கொண்டே ஒரு புலம்பல் விடாமல் கேட்டார். நான் எதிர்பாராத விபரீதம் வேறொன்று நடந்தது. அப்பாவை விட்டுவிட்டுப் போன பயத்தில் விஜி அங்கே டெல்லிச் செய்திகளைப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். ஒருநாள் பனிமூட்டத்தால் லேட் என்று மானேஜரிடம் சொல்லி, அவர் ஜன்னலுக்கு வெளியே பளீரென்ற வெயிலைக் காட்டிய பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாளாம். இதை அவளே போனில் என்னிடம் சொன்னபோது, எந்த ஊரில் யார் இருக்கிறார்கள் என்று எனக்கே ஒரு நிமிஷம் குழம்பியது.

ஜனவரியில் ஒரு காலை, நான் ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது அவளிடமிருந்து போன்.

"அங்கே இன்னிக்கு ரொம்பக் குளிராம். குளிர் அலைன்னு போட்டிருக்கான். அப்பா வாக்கிங் கிளம்பியிருப்பார், கொஞ்சம் நிறுத்துங்களேன், ப்ளீஸ்."

இரண்டு இரண்டு படியாக இறங்கினேன். மாமா அப்போதுதான் ஷூவைக் கட்டி முடித்துவிட்டு எழுந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"அங்கே ஏசி ரூம்ல உக்காந்துண்டு இவளுக்கு என்னய்யா தெரியும் டெல்லிக் குளிரைப் பத்தி?" என்று ஒரு கத்து கத்தினார். "ஊர் உலகத்துல இல்லாத பொண்ணு!"

கத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, திட்டிக்கொண்டே ஷூ கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். ஒரு மனிதர் அவ்வளவு சந்தோஷமாக ஷூ கழற்றி நான் பார்த்ததில்லை. எனக்கு மெட்ரோவுக்கு நேரமாகிவிட்டது, ஆனாலும் இரண்டாவது ஷூவும் கழலும்வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.