அபினி என்று நீங்கள் கொட்டிய மருந்து

பே கோபுரத் தெரு,
திருவண்ணாமலை.
10-12-1979

மரியாதைக்குரிய அண்ணன் பலராமன் அவர்களுக்கு, தங்கை கஸ்தூரி வணக்கத்துடன் எழுதுவது.

அண்ணி, பிள்ளைகள், ரைஸ் மில், கறவை மாடு எல்லாம் சௌக்கியமாக இருக்க அண்ணாமலையாரை வேண்டுகிறேன். நீங்களும் சௌக்கியமாக இருங்கள். இதை மனசார எழுதவில்லை, கடிதம் என்றால் எழுதியாக வேண்டுமே என்று எழுதுகிறேன். கீழ்பென்னாத்தூருக்கே பஸ் ஏறி வந்து கேட்டிருப்பேன். அண்ணி முன்னால் வார்த்தை தடித்துவிடும் என்றுதான் தபாலில் கேட்கிறேன்.

தீபம் பார்க்க வந்தீர்கள், சந்தோஷம். உங்கள் மாப்பிள்ளையைப் பார்க்க வந்தீர்கள், அதுவும் சந்தோஷம். கடலை மண்டியில் மூட்டையைத் தனியாளாகத் தூக்கித் தராசில் வைத்த மனுஷன், முதுகெலும்பில் கேன்சர் இறங்கிப் படுத்திருக்கிறார். வேலூர் டாக்டரம்மா கொடுத்த மருந்தைக் குடித்துத்தான் வெகு காலத்துக்குப் பிறகு கண் அயர்ந்திருந்தார். உங்களை யார் அந்த அலமாரியைத் திறக்கச் சொன்னது? பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "மார்பியான்னா அபினிம்மா! எங்க மில்லு கணக்கப்பிள்ளை சொல்லியிருக்காரு. மாப்பிள்ளைய அபினிக்காரனா ஆக்கிட்டியே, குடும்ப மானம் என்ன ஆவறது?" என்று எதிர்வீட்டு மணியம்மாள் வரைக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினீர்கள். நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். கஞ்சியை இறக்கி வைத்துவிட்டு வருவதற்குள் மருந்து முழுவதையும் சாக்கடையில் கொட்டிவிட்டு, அவர் நெற்றியில் விபூதி பூசி, முதுகுக்கு ஏதோ தைலம் கொடுத்து, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டீர்கள். போதையைப் பற்றிப் பேசுகிறீர்களே அண்ணா, இந்த மதுவிலக்கிலும் நெஞ்சு பலவீனம் என்று சர்டிபிகேட் வாங்கி, சர்க்கார் பர்மிட்டில் பிராந்தி குடிப்பது யார்? அந்தப் பலவீனமான நெஞ்சோடுதானே மில்லில் நின்று அத்தனை பேரை அதட்டுகிறீர்கள்? உங்களுக்கு அது மருந்து, அவருக்கு இது போதையா?

சாயங்காலமே வலி வந்துவிட்டது. அதை நான் என்னவென்று எழுதுவது? கத்தியிருந்தால்கூடத் தேவலை. துண்டைப் பல்லில் கடித்துக்கொண்டு, கட்டில் சட்டத்தைப் பிடித்த கையை விடாமல், "மச்சான் கிட்ட சொல்லிடாத" என்றார். உங்கள் தைலத்தைத் தடவினேன். கையை வைத்ததுமே, "தொடாதடி" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் என்னை அப்படிச் சொன்னதில்லை.

மணியம்மாளைத் துணைக்கு உட்கார வைத்துவிட்டு விடிந்ததும் வேலூருக்கு ஓடினேன். டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. உங்களைத்தான் திட்டினார்கள். "ஏம்மா, அவர் ஆசைக்கா குடிக்கறார்? வலிக்குக் குடிக்கறார். நாங்க சொல்ற அளவுல குடுத்தா வெறியெல்லாம் பிடிக்காது. வலி வந்தப்புறம் குடுக்கறதில்ல, வர்றதுக்கு முன்னாடியே மணி பாத்துக் குடுக்கணும். திடீர்னு நிறுத்தவே கூடாது. ஆரம்பத்துல தூங்கித் தூங்கி விழுவார், அப்புறம் தெளிஞ்சிடும். மலச்சிக்கல் வரும், அதுக்கும் மருந்து தரேன்" என்றார்கள். உங்கள் மில் கணக்கப்பிள்ளை டாக்டருக்குப் படித்தவரா என்று கேட்கச் சொன்னார்கள். கேட்டுவிட்டேன்.

திரும்பும்போது பஸ்ஸை நிறுத்தி போலீஸ் சோதனை. சாராயம் கடத்துகிறார்களாம். கர்ப்பிணி மாதிரி முந்தானைக்குள் பாட்டிலை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் ஏட்டுக்குச் சந்தேகம் வராமல் என்ன செய்யும்? "இன்னாம்மா அது? வெளிய எடு" என்றார். மருந்து என்றேன். "எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்று மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். வாசனை இல்லை. விரலில் ஒரு சொட்டு விட்டு நக்கினார் பாருங்கள், வேப்பெண்ணெயை மடக்கென்று விழுங்கியவர் மாதிரி முகம் கோணி, ஜன்னல் வழியாகக் காறித் துப்பிவிட்டு, "அய்ய! இத பணம் குடுத்தாலும் எவனும் குடிக்க மாட்டான். யாருக்கும்மா உடம்பு?" என்றார். வீட்டுக்காரருக்குக் கேன்சர் என்றேன். மூடியை அவரே திருகிக் கொடுத்து, "ஜாக்கிரதையா எடுத்துக்கினு போ" என்று சொல்லிவிட்டு இறங்கினார். சாராயம் பிடிக்க வந்தவருக்குப் புரிந்தது என் கூடப் பிறந்தவருக்குப் புரியவில்லையே அண்ணா!

இத்தனையும் பட்டு வீட்டுக்கு வந்தால், உங்கள் மாப்பிள்ளை குடிக்க மாட்டேன் என்று வாயை மூடிக்கொண்டார். "மச்சான் சொல்றதும் நியாயந்தானே? அபினிக்காரன்னு ஊரு பேசும்டி." எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ! "ஊரு வந்து உங்க முதுகு வலிய வாங்கிக்குமா? வாங்கிக்கும்னா சொல்லுங்க, இந்த பாட்டிலையும் நானே சாக்கடையில கொட்டறேன்" என்றேன். பிறகு வாயைத் திறந்தார். அரை மணி போனதும் கட்டில் சட்டத்தை விட்டார். மறுநாள் மத்தியானம் எழுந்து சாய்ந்து உட்கார்ந்து, "குழம்புல உப்பு கம்மி, கல்யாணமான நாளா இதே ரோதனை" என்றார். அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு, உப்பு எடுத்து வந்து போட்டேன். அந்தக் குறையைக் கேட்பதற்குத்தான் அண்ணா நான் வேலூர் வரைக்கும் போய் வந்தது.

ஆகையால் சொல்கிறேன், இனி என் வீட்டு வாசற்படி ஏற வேண்டாம். பொங்கல் சீர் அனுப்ப வேண்டாம். அனுப்பினால் திருப்பி அனுப்புவேன்.

அண்ணிக்கு என் நமஸ்காரம். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். உங்களுக்கு நல்ல புத்தி வர அண்ணாமலையார் அருளட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை என்று சொல்லிக்கொள்ள இஷ்டமில்லாத
கஸ்தூரி

பி.கு: கவரை ஒட்டுவதற்கு முன் இதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். நடுநடுவே சிரித்தார். முடித்ததும், "மச்சான் பயத்துல கொட்டிட்டாருடி. நான் இப்படிக் கிடக்கறத அவரால பாக்க முடியல. வரச் சொல்லு, பாக்கணும்போல இருக்குது" என்றார். டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்ன இன்னொரு விஷயத்தை அவரிடம் நான் சொல்லவில்லை. அவருக்கே தெரியும் என்று நினைக்கிறேன். அதனால் வாசற்படி ஏற வேண்டாம் என்று எழுதியதை அடித்துவிட்டு வாசியுங்கள். கடிதம் கையில் கிடைத்ததும் அடுத்த பஸ்ஸைப் பிடியுங்கள். தங்குகிற மாதிரி துணிமணி எடுத்துக்கொண்டு வாருங்கள். பொங்கல் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். அலமாரிச் சாவி மட்டும் என் இடுப்பில்தான் இருக்கும்.