மாமனார் ஒப்படைத்த மீன்

தொட்டிக்குள் தலையை விடாத குறையாகத் தேடிவிட்டான் கிளெமென்ட். மணல் இருந்தது, பாசி இருந்தது, பொம்மைக் கப்பல்கூட இருந்தது. மீனைத்தான் காணோம்.

போச்சு, கல்யாணமும் போச்சு.

ஷைனியின் அப்பா சிலுவைமுத்து வாத்தியார் குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்குக் கிளம்பும்போது, வீட்டுச் சாவியை இவன் கையில் கொடுத்து, "பாம்புக்குட்டி கணக்கா வரிவரியா ஒரு மீனு கெடக்கு. நான் வரும்போது உசுரோட இருந்தா கல்யாணப் பேச்சு. இல்லேன்னா பேச்சே இல்ல" என்றிருந்தார். ஊர் வாய்க்குப் பயந்து, பொழுது சாயுமுன் வீட்டைப் பூட்டிவிட வேண்டும் என்றும் உத்தரவு.

வண்ணமீன் கடைக்கு ஓடி, அதே மாதிரி ஒன்று வாங்கிவந்து விட்டான். மறுநாள் அதுவும் இல்லை. பூனை வேலைதான் என்று இன்னொன்று வாங்கி விட்டு, தொட்டியை இட்லித்தட்டால் மூடினான். தட்டு வைத்தது வைத்தபடி இருந்தது. மீன் மாயம்.

மறுபடி கடைக்குப் போனதும், கடைக்காரி பர்ஹானா, தினம் சோற்றுக்கு வெஞ்சனம் வைக்கவா வாங்குகிறீர்கள் என்று கேட்டேவிட்டாள். இவன் அழாத குறையாகச் சொல்ல, அவள் சிரித்த சிரிப்பில் தொட்டிகளே ஆடின.

"இது ராத்திரி மீனுண்ணே. நம்ம அயிரைக்குத் தூரத்துச் சொந்தம். சுமத்ராப் பக்கம் காட்டு ஓடையில, மக்குன எலைக்கு அடியில கெடக்கும். பகல்ல மணலுக்குள்ள பொதைஞ்சுக்கும்."

அடக் கடவுளே, அப்படியானால் உள்ளே மூன்று! கூடுதல் இரண்டை எடுத்துவிடலாம் என்று கரண்டியால் மணலைக் கிளறினான். தண்ணீர் டீ மாதிரி ஆனதே தவிர ஒன்றும் அகப்படவில்லை. பொழுது சாய்ந்ததையும் கவனிக்கவில்லை. வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

கலங்கிய தொட்டியைப் பார்த்ததும் வாத்தியாருக்கு முகமெல்லாம் பல். மீன் எங்கே தம்பி என்றார்.

"செத்த நேரம் லைட்ட அமத்துங்க மாமா" என்றான் கிளெமென்ட்.

தெருவிளக்கு வெளிச்சத்தில் எல்லாரும் காத்து நின்றார்கள். கண்ணாடியோரமாக ஒன்று நெளிந்து வந்தது. பின்னாலேயே இன்னொன்று. ஷைனி கை தட்டினாள். வாத்தியார் முகம் சுண்டிப்போயிற்று.

மூன்றாவது வரவே இல்லை. செத்தது வாத்தியார் மீன்தானோ? உண்மையைச் சொல்லிவிடலாம் என்று கிளெமென்ட் வாயைத் திறப்பதற்குள், ஷைனியின் அம்மா லூர்தம்மாள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு புருஷன் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, போன மாசமே செத்து, நான் முருங்கைக்கு உரமாப் போட்ட மீனை மாப்பிள்ளை உசுரோட ரெண்டாக்கிக் குடுத்திருக்காரு. ஞாயித்துக்கெழமையே கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லிருங்க."